எலியின் சாட்சியத்தைப் பாதியில் வெட்டாதீர்கள்



நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். ஆனால் முழுதாக வாசியுங்கள். ஒரு செய்தியைப் பாதி வாசித்துவிட்டுப் பகிர்வதால் வரும் கேடுதான் இன்றைய பேச்சு.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் குடும்பக் குழு, மஹல்லா குழு, வகுப்புப் பெற்றோர் குழு என்று எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. கட்டு அனோதா, அதாவது முள்ளு அன்னமுன்னாப் பழம், கீமோ மருந்தை விட 10,000 மடங்கு வலிமையாகப் புற்றுநோயைக் கொல்லுமாம். ஆய்வுகூடத்தில் எலிகளில் நிரூபித்துவிட்டார்களாம். மருந்துக் கம்பனிகள் அதை மறைத்துவிட்டனவாம். சில வேளைகளில் கீழே ஒரு தொலைபேசி இலக்கமும் இருக்கும். இலைத் தேநீர், பழப் பொடி, கப்சியூல், எதுவானாலும் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களாம்.

இந்தச் செய்தி யாரிடம் போய்ச் சேருகிறது என்று பகிர்பவர்கள் யோசிப்பதில்லை. மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, வீட்டில் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருக்கும் ஒரு தாயிடம் போகிறது. வாயில் ஆறாத புண்ணோடு புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் ஒரு நாட்டாமையின் மகனிடம் போகிறது. "பழம் குடித்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் வைத்தியசாலைக்குப் போவோம்" என்று அவர்கள் மூன்று மாதம் காத்திருக்கிறார்கள். புற்றுநோய்க்கு மூன்று மாதம் மிகப் பெரிய அவகாசம்.

விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்களிடம் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள்: "சேர், எலியில செஞ்சு பார்த்ததாமே, அப்ப உண்மைதானே?" நியாயமான கேள்வி. பரிசோதனைதான் விஞ்ஞானத்தின் உரைகல் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். ஆகவே பதில் சொல்லும் கடமையும் எங்களுக்கு இருக்கிறது.

எங்கள் பதில் இதுதான். ஆய்வுகூட விலங்குகளில் பழங்களைச் சோதித்தது உண்மை. சில பழங்கள் சில விலங்குகளில் சில வகைக் கட்டிகளைக் குறைத்ததும் உண்மை. ஆனால் அந்தப் பரிசோதனைகள் சொன்னது வேறு, அவற்றின் பெயரால் இங்கே விற்கப்படுவது வேறு. எலி பொய்ச்சாட்சி சொல்லவில்லை. எலியின் சாட்சியத்தைப் பாதியில் வெட்டி, வேண்டிய பாதியை மட்டும் சந்தையில் வைத்தவர்களே பொய் சொல்கிறார்கள்.

முதலில் அந்த 10,000 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1996 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கட்டு அனோதாவின் விதையிலிருந்து சில இரசாயனங்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் ஒன்று சிஸ்-அனோனசின். கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த பல வகைப் புற்றுக் கலங்களின் மேல் அதைச் சோதித்தார்கள். பெருங்குடல் புற்றுநோய்க் கலங்களில் ஒரு வகைக்கு எதிராக, அட்ரியாமைசின் என்ற மருந்தோடு ஒப்பிடும்போது, அது 10,000 மடங்கு வீரியமாக இருந்தது. இவ்வளவுதான்.

கவனியுங்கள். அந்தக் கணக்கில் பழச்சதை இல்லை, விதை இருக்கிறது. இலைத் தேநீர் இல்லை, பிரித்தெடுத்த தனி இரசாயனம் இருக்கிறது. நோயாளி இல்லை. எலிகூட இல்லை. பாத்திரத்தில் கிடக்கும் கலங்களைக் கொல்வது பெரிய வித்தையல்ல. குளோரின் தண்ணீரை ஊற்றினாலும் அவை சாகும். அதற்காகக் குளோரின் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. ஒரு பொருள் நம் வயிற்றில் செரித்து, ஈரலைக் கடந்து, இரத்தத்தில் கலந்து, கட்டியைப் போய்ச் சேர்ந்து, நல்ல கலங்களைக் கொல்லாமல் கெட்ட கலங்களை மட்டும் கொல்ல வேண்டும். அந்த நீண்ட பாதையில் முதல் அடியை மட்டும் எடுத்து வைத்த ஓர் ஆய்வை, ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

சரி, எலியிடமே கேட்போம் என்கிறீர்களா? கேட்போம். கரிபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில், வழமையான மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படாத ஒரு வகைப் பார்க்கின்சன் நோய் அளவுக்கு மிஞ்சிக் காணப்படுவதை வைத்தியர்கள் கண்டார்கள். கட்டு அனோதாப் பழத்தையும் அதன் இலைத் தேநீரையும் வழக்கமாக உட்கொள்வதோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று 1999 இல் லான்செட் சஞ்சிகையில் எழுதினார்கள். பிறகு, கட்டு அனோதாவில் உள்ள அனோனசினை எலிகளின் இரத்தத்தில் 28 நாட்கள் தொடர்ந்து செலுத்திப் பார்த்தார்கள். எலிகளின் மூளையில் நரம்புக் கலங்கள் அழிந்திருந்தன. அந்த ஆய்வு 2004 இல் வெளியானது.

இதை வைத்து, எப்போதாவது ஒரு பழம் உண்பவரைப் பயமுறுத்த நாங்கள் வரவில்லை. இரத்தத்தில் நேரடியாகச் செலுத்துவதும் வாயால் உண்பதும் ஒன்றல்ல. குவாதலூப்பில் கண்டதும் தொடர்புதான், தீர்ப்பல்ல. ஆனால் பொடி விற்பவரிடம் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "ஆய்வுகூடத்தில் நிரூபித்தது" என்று ஆய்வுகூடத்தைச் சாட்சிக்கு இழுத்தவர் நீங்கள். அதே ஆய்வுகூடத்தில், அதே செடியின் இரசாயனம் எலியின் மூளைக்குச் செய்ததை ஏன் உங்கள் விளம்பரத்தில் போடவில்லை? நன்மைக்கு மட்டும் சாட்சியை நம்புவோம், தீமைக்கு நம்பமாட்டோம் என்றால் அதற்குப் பெயர் விஞ்ஞானம் அல்ல, வியாபாரம்.

இனி, பழத்தை முறையாகச் சோதித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்டோனர் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் கறுப்பு ராஸ்பெரிப் பழத்தைப் பல வருடங்கள் சோதித்தார்கள். பழத்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, விலங்கின் உணவில் நூற்றுக்கு 5 பங்கு, 10 பங்கு என்று அளந்து கலந்தார்கள். எலியின் உணவுக் குழாயில் சோதித்தார்கள், பெருங்குடலில் சோதித்தார்கள், ஹாம்ஸ்டரின் கன்னப்பையிலும் சோதித்தார்கள்.

ஹாம்ஸ்டர் ஆய்வு 2002 இல் வெளியானது. நம் ஊருக்கு மிகவும் பொருத்தமானதும் அதுதான். ஹாம்ஸ்டருக்குக் கன்னத்தின் உள்ளே தீனியைச் சேமிக்கும் பை ஒன்று உண்டு. அதன் உட்புறத்தில் புற்றை உண்டாக்கும் இரசாயனம் ஒன்றை வாரத்துக்கு மூன்று முறை, எட்டு வாரங்கள் தடவினார்கள். ஒரு கூட்டத்துக்குப் பழப்பொடி இல்லாத சாதாரண உணவு. மற்ற இரண்டு கூட்டங்களுக்கும், இரசாயனம் தடவத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பழப்பொடி கலந்த உணவு. முடிவில் எண்ணிப் பார்த்தார்கள். பழம் கிடைக்காத கூட்டத்தில் ஒரு விலங்குக்குச் சராசரியாக 3.2 கட்டிகள். 5 பங்கு பழப்பொடி உண்ட கூட்டத்தில் 1.9. பத்துப் பங்கு உண்ட கூட்டத்தில் 2.6.

தரம் 9 பிள்ளைக்கும் விளங்கும் இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அவை நான்கு விடயங்களைச் சொல்கின்றன.

ஒன்று, கட்டிகள் குறைந்தன. இல்லாமல் போகவில்லை. பழம் உண்ட ஹாம்ஸ்டருக்கும் கட்டி வந்தது.

இரண்டு, அதிகம் கொடுத்தால் அதிகம் நன்மை என்பது இல்லை. பத்துப் பங்கு பழப்பொடி ஐந்து பங்கை விடக் குறைவாகவே உதவியது. "நோய் பெரிது, ஆகவே நாளைக்கு ஆறு கப்சியூல் குடியுங்கள்" என்று சொல்பவர் இந்த எண்ணைப் பார்க்கவே இல்லை.

மூன்று, பழம் முன்னே வந்தது, நோய் பின்னே வந்தது. இது தடுப்பு பற்றிய பரிசோதனை. வந்துவிட்ட புற்றுநோயைப் பழம் கரைத்ததா என்று இதில் கேட்கவே இல்லை. வீட்டுக்குத் தீப்பிடிக்காமல் இருக்க மின்கம்பியைச் சரிபார்க்கச் சொல்வது ஒரு புத்திமதி. கூரை எரியும்போது மின்கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருப்பது வேறு காரியம்.

நான்கு, பழம் கொடுக்காத ஒரு கூட்டம் ஒப்பிடுவதற்காக இருந்தது. அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் 1.9 என்பது வெறும் எண். "எங்கள் பொடி குடித்த ஒருவர் சுகமானார்" என்று வரும் குரல் பதிவுகளில் இல்லாதது இந்த ஒப்பீடுதான். அவர் கூடவே வைத்தியசாலையில் என்ன சிகிச்சை பெற்றார்? அதே பொடியைக் குடித்துவிட்டு மையவாடிக்குப் போனவர்களின் குரல் பதிவு எங்கே?

இது வெள்ளைக்காரனின் ஆய்வு என்று தள்ளிவிடவும் முடியாது. தமிழ்நாட்டில் சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாகினி என்ற ஆய்வாளரின் குழுவினர், தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீனை இதே ஹாம்ஸ்டர் கன்னப்பையில் சோதித்து 2001 இல் வெளியிட்டார்கள். அங்கும் அது தடுப்புப் பற்றிய ஆய்வாகத்தான் செய்யப்பட்டது. நோயாளிகளுக்குத் தக்காளிச் சாறு விற்கும் கடையாக அது மாறவில்லை.

விலங்கிலிருந்து மனிதருக்கு வரும்போது என்ன நடக்கிறது? சில வேளை நம்பிக்கை தருவது நடக்கிறது. சீனாவில், உணவுக் குழாயில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் இருந்தவர்களுக்கு உலர்த்திய ஸ்ட்ராபெரிப் பொடி கொடுத்து 2012 இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆறு மாதம், நாள்தோறும் 60 கிராம். அப்படி உண்ட 36 பேரில் 29 பேருக்கு அந்த மாற்றங்களின் தரம் இறங்கியது. நாளுக்கு 30 கிராம் எடுத்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் புற்றுநோயாளிகள் அல்ல. பழம் உண்ணாத ஒப்பீட்டுக் கூட்டமும் அதில் இருக்கவில்லை. பழத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்பதையும் மறக்காதீர்கள். 60 கிராம் பொடி என்றால் அரைக் கிலோவுக்குக் குறையாத பழம், ஒவ்வொரு நாளும். ஒரு சிறிய கப்சியூலுக்குள் எத்தனை கிராம் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சில வேளை எதிர்பாராத துன்பமும் நடக்கிறது. கரட், மாம்பழம், பப்பாசி போன்றவற்றில் உள்ள பீட்டா கரோட்டின் புற்றுநோயைத் தடுக்கும் என்று ஒரு காலத்தில் உலகமே நம்பியது. அவற்றை அதிகம் உண்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்தது என்பதே காரணம். பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களைச் சேர்த்துச் சோதித்தார்கள். 1994 இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வில், பீட்டா கரோட்டினோடு விற்றமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே 28 வீதம் அதிகமாக வந்தது. 1996 இல் ஆய்வை இடைநடுவில் நிறுத்தினார்கள். பழமாக இருந்தபோது தீங்கு செய்யாதது, பிரித்தெடுத்து மாத்திரையாக்கியபோது தீங்கு செய்தது. "இயற்கையானதுதானே, கெடுதல் என்ன வரப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு இது போதும்.

போதாவிட்டால் நம் நாட்டிலிருந்தே ஓர் உதாரணம். காமரங்கா, ஐந்து மூலையுள்ள அந்தப் பழம், சாறாக அதிகம் குடித்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று இலங்கை வைத்தியர்கள் 2015 இல் நோயாளிகளின் விபரத்தோடு எழுதியிருக்கிறார்கள். பழம் அல்லாஹ்வின் அருள். அருளையும் அளவோடு எடுக்கச் சொன்ன மார்க்கம்தான் நம்முடையது.

இந்த இடத்தில் ஒரு குரல் வரும் என்று எங்களுக்குத் தெரியும். "ஆசிரியர்மாருக்கு ஈமான் குறைந்துவிட்டது. கருஞ்சீரகம் பற்றி ஹதீஸ் இருக்கிறதே, எலியில் சோதித்துத்தான் நம்ப வேண்டுமா?" இதற்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது.

மருந்தைச் சோதித்துத்தான் நம்ப வேண்டும் என்று வெள்ளைக்காரனுக்கு முன்பே எழுதி வைத்தவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். இப்னு சீனா 1037 இல் மறைந்தவர். மருந்தின் தன்மையைப் பரிசோதனையால் அறிவதற்குத் தம் கானூனில் ஏழு நிபந்தனைகள் வைத்தார். பலன் ஒருமுறை மட்டும் தெரிந்தால் போதாது, திரும்பத் திரும்பத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அது தற்செயல் என்றார். மருந்தின் அளவு நோயின் கடுமைக்குப் பொருந்த வேண்டும் என்றார். கடைசியாக, மனித உடலில் சோதிக்க வேண்டும், சிங்கத்திலும் குதிரையிலும் கண்ட பலன் மனிதனுக்குப் பொருந்தாமல் போகலாம் என்றார். ஆயிரம் வருடங்களுக்கு முன் அவருக்குத் தெரிந்தது, கையில் ஸ்மார்ட் போன் வைத்திருக்கும் நமக்குத் தெரியாது என்றால் வெட்கம் யாருக்கு?

கருஞ்சீரகத்தை மதிப்பது எப்படி என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. இலங்கையில் ஒரு பாரம்பரிய வைத்தியக் குடும்பத்தினர் கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிச்சக்கை ஆகிய மூன்றையும் சேர்த்த கஷாயத்தைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துவந்தார்கள். பேராசிரியர் இரா தப்ரூ உள்ளிட்ட இலங்கை ஆய்வாளர்கள் அதைக் கேலி செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை. எலிகளின் ஈரலில் இரசாயனத்தால் புற்றுக்கு முந்திய மாற்றங்களை உண்டாக்கி, கஷாயம் கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டார்கள். கஷாயம் குடித்த எலிகளில் மாற்றங்கள் குறைந்தன. 2003 இல் அதை வெளியிட்டபோது, இது ஆரம்பநிலை ஆய்வு என்று தலைப்பிலேயே எழுதினார்கள். பிறகு 16 மாதங்கள் வரை தொடர்ந்து பார்த்து 2006 இல் அடுத்த ஆய்வை வெளியிட்டார்கள். அங்கும் பாதுகாப்புத் தெரிந்தது. எலியின் ஈரலில், அந்த ஒரு இரசாயனத்துக்கு எதிராக. அதற்கு மேல் அவர்கள் வாய் திறக்கவில்லை.

இதுதான் அமானிதம். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்வது. அந்த ஆய்வுகளைக் காட்டி இன்று எண்ணெய்ப் போத்தலில் "புற்றுநோய்க்கு ஷிஃபா" என்று ஒட்டி விற்பவர், ஹதீஸையும் மதிக்கவில்லை, ஆய்வையும் மதிக்கவில்லை. இரண்டையும் லேபிளாக்கியிருக்கிறார். ஷிஃபா தருபவன் அல்லாஹ். அதை ரூபாவுக்கு உத்தரவாதம் கொடுக்க இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த எலிகளும் ஹாம்ஸ்டர்களும் உயிர்கள். மிருகங்களை வதைப்பது பற்றி நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பது நமக்குத் தெரியும். மனித உயிரைக் காக்கும் அறிவுக்காக மட்டுமே அந்த உயிர்களை எடுப்பதற்கு ஏதாவது நியாயம் இருக்க முடியும். அப்படி எடுத்த அறிவைத் திரித்து, மனித உயிரைப் போக்கப் பயன்படுத்தினால் அந்தச் சிறு நியாயமும் போய்விடுகிறது.

"மருந்துக் கம்பனிகள் மறைக்கின்றன" என்ற பாட்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். மருந்துக் கம்பனிகளை நாங்கள் மலக்குகள் என்று சொல்லவில்லை. ஆனால் செடியில் மருந்து இருந்தால் அவை மறைப்பதில்லை, காசாக்குகின்றன. நம் வீட்டு வேலியில் பூக்கும் பட்டிப்பூ, நித்தியகல்யாணி, நல்ல உதாரணம். நீரிழிவுக்கு நல்லது என்று சொல்லப்பட்ட அந்தச் செடியை 1950 களில் கனடாவில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நீரிழிவுக்கு உதவவில்லை. எலிகளின் வெண்குருதிக் கலங்கள் குறைந்தன. அந்தத் தடயத்தைப் பிடித்துப் போனதில் வின்பிளாஸ்டினும், அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டினும் கிடைத்தன. இன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு உலகம் முழுதும் கொடுக்கும் மருந்துகளில் வின்கிறிஸ்டின் ஒன்று. செடியிலிருந்து எலிக்கு, எலியிலிருந்து மனிதருக்கு, படிப்படியாக அளந்து அளந்து வந்த மருந்து அது. அதைக் கேட்டு, யாராவது பட்டிப்பூ இலையை அவித்துப் பிள்ளைக்குக் கொடுத்தால் அது மருந்தல்ல, நஞ்சு.

இப்போது நம்மைச் சுடும் இடத்துக்கு வருகிறோம். எலியின் சாட்சியத்தில் யாரும் பகிராத பாதி ஒன்று இருக்கிறது.

இலங்கையின் தேசிய புற்றுநோய்ப் பதிவேட்டின்படி ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய். பெண்களிடம் மார்புப் புற்றுநோய். வாய்ப் புற்றுநோய்க்கு இங்கே பெரிய காரணம் என்ன என்பதற்கு ஆய்வுகூடம் போகத் தேவையில்லை. வீதியோரத்துக் கடைகளில் வெற்றிலைச் சுருள் சுற்றி வைத்திருக்கும் தட்டைப் பாருங்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகச் சொன்னது. பாக்கைப் பொறுத்தவரை விலங்குகளிலும் போதிய சான்று உண்டு என்றது. பாக்கை ஹாம்ஸ்டரின் அதே கன்னப்பையில் வைத்தும் சோதித்திருக்கிறார்கள்.

ஆகவே ஆய்வுகூட விலங்குகள் நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்லியிருக்கின்றன. பாக்கு புற்றை உண்டாக்கும் என்பது ஒன்று. பழம் அதைக் கொஞ்சம் தடுக்கக்கூடும் என்பது மற்றது. முதலாவது மனிதரிலும் நிரூபணமானது. இரண்டாவது இன்னும் ஆராயப்படுகிறது. நம் குழுக்களில் சுற்றுவது எது? இரண்டாவது மட்டும், அதுவும் 10,000 மடங்கு ஊதிப் பெருத்து. கலியாண வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலைத் தட்டை நீட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கட்டு அனோதாச் செய்தியைப் பகிர்வதில் என்ன நியாயம் இருக்கிறது? புகையற்ற புகையிலைப் பொருட்களை 2016 செப்டெம்பரில் அரசாங்கம் தடைசெய்தது. தடை காகிதத்தில் இருக்கிறது. சிவந்த எச்சில் வீதியில் இருக்கிறது.

அப்படியானால் பழமே வேண்டாம் என்கிறோமா? இல்லவே இல்லை. பழம், மரக்கறி அதிகம் உண்பவர்களுக்குப் புற்றுநோய் சற்றுக் குறைவாகவே வருகிறது. ஐரோப்பாவின் 10 நாடுகளில் 4 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமானோரைத் தொடர்ந்து கவனித்து 2010 இல் வெளியிட்ட ஆய்வும் அதைத்தான் சொன்னது. ஆனால் வித்தியாசம் சிறியது என்றும் அதே ஆய்வு சொன்னது. சிறியதாக இருந்தாலும் நன்மை நன்மைதான். இருதயத்துக்கும் குடலுக்கும் அது தரும் நன்மை வேறாக இருக்கிறது. அதற்கு ராஸ்பெரியைத் தேடவோ, இலைப் பொடிக்குக் கொள்ளை விலை கொடுக்கவோ தேவையில்லை. கொய்யா, பப்பாசி, அம்பரெல்லா, வாழைப்பழம், நெல்லி என்று எது மலிவோ அதை வாங்கி வீட்டில் எல்லோரும் உண்ணுங்கள். பிள்ளையின் பாடசாலைப் பெட்டியில் பிஸ்கட் பக்கெட்டுக்குப் பதிலாக ஒரு பழத்தை வையுங்கள். சாறாக்கிச் சீனி போடாதீர்கள். சிகிச்சையில் இருப்பவர் மட்டும், எந்தப் பழச்சாறையும் மூலிகையையும் மருந்தாக அதிகம் எடுக்கும் முன் தம் வைத்தியரிடம் கேளுங்கள். சில பழச்சாறுகள் இரத்தத்தில் மருந்தின் அளவையே மாற்றிவிடும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் குழுக்களின் அட்மின்களிடமும் எங்கள் வேண்டுகோள் இதுதான். புற்றுநோய்க்குப் பழம், பொடி, எண்ணெய் என்று எது வந்தாலும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எதில் சோதித்தார்கள், பாத்திரத்திலா, எலியிலா, மனிதரிலா? நோய்க்கு முன்பு கொடுத்தார்களா, பின்பா? எவ்வளவு கொடுத்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? இதைச் சொல்பவர் அதையே விற்கிறாரா? ஐந்தாவது கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால் மற்ற நான்கையும் இன்னும் கடுமையாகக் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்தச் செய்தி உங்கள் குழுவைத் தாண்டக்கூடாது.

அதற்குப் பதிலாக இதைப் பகிருங்கள். வாயில் இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியப் பிரிவுக்குப் போங்கள். மார்பில் கட்டி, தோலில் சுருக்கம், காம்பில் இரத்தக் கசிவு என்றால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 35 வயதான பெண்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களின் வெல் வுமன் கிளினிக் இருக்கிறது. நாரஹேன்பிட்டியில் தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் ஆரம்பக் கண்டறிதல் நிலையம் இருக்கிறது. மகரகமவில் அபேக்ஷா வைத்தியசாலை இருக்கிறது. இவை அரசாங்கத்தின் இலவச சேவைகள். மொழி தெரியாது என்று தயங்கும் உம்மாமாரோடு, வீட்டில் சிங்களம் பேசத் தெரிந்த பிள்ளை ஒன்று கூடப் போகட்டும். ஆயிரம் பேருக்குச் செய்தி அனுப்புவதை விட, ஒரு தாயோடு பஸ்ஸில் ஏறி நாரஹேன்பிட்டிக்குப் போவது பெரிய ஸதகா.

பிள்ளைகளே, நீங்கள் கேட்ட கேள்விக்கு எங்கள் முடிவான பதில் இது. ஆம், விலங்குகளில் சோதித்தார்கள். அந்தச் சோதனையை மதியுங்கள். மதிப்பது என்றால் முழுதாக வாசிப்பது. என்ன கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள், எவ்வளவு குறைந்தது, எது குறையவில்லை என்று எல்லாவற்றையும் வாசிப்பது. வீட்டுக்குப் போய் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அதே முழுமையோடு சொல்லுங்கள். வாப்பாவின் சட்டைப் பையில் வெற்றிலைச் சுருள் இருந்தால், அந்தப் பேச்சை அங்கிருந்தே தொடங்குங்கள்.

பகிர்வதென்றால் முழுதாகப் பகிருங்கள். பாதியில் வெட்டாதீர்கள்.